மூன்று வருடக் கம்பனியை நம்பிச் சங்கத்தின் கணக்கைக் கொடுக்கலாமா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பொது முகாமையாளராக இருக்கும் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கத்தவர் கணக்கு, பயிர்க்கடன், நெல் கொள்வனவு எல்லாவற்றையும் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றப் போகிறார்கள். வவுனியாவில் மூன்று வருடத்துக்கு முன் தொடங்கிய ஒரு சின்னக் கம்பனியின் மென்பொருள் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. அங்கே ஐந்து பேர் வேலை செய்கிறார்கள், முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அது ஓடுகிறதாம். ஆனால் இயக்குநர் சபையில் ஒருவர், "இந்தப் பொடியள் நாளைக்குக் கனடாவுக்குப் போனால் எங்கட கணக்கு என்னாகும்?" என்று கேட்டதோடு தீர்மானம் அப்படியே நிற்கிறது. கம்பனி நிலைக்குமா என்று வாங்குவதற்கு முன் எப்படிப் பார்ப்பது?

அக்கா, அந்த இயக்குநர் கேட்டது சரியான கேள்வி. அவரைச் சமாதானப்படுத்த அவசரப்படாதீர்கள்.

ஒரு மென்பொருள் கம்பனி ஐந்து வருடம் கழித்து இருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அதை நடத்துகிறவர்களாலும் முடியாது. உங்களால் செய்யக்கூடியது இரண்டு. இன்றைக்கு அந்தக் கம்பனி எந்தக் காசில் நடக்கிறது என்று பார்க்கலாம். அது ஒருநாள் இல்லாமல் போனாலும் சங்கத்தின் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும்படி வாங்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. ஆனாலும் முதலாவதிலிருந்தே வருகிறேன், ஏனென்றால் சபைக்கு அதைத்தான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கும்.

"சின்னக் கம்பனி வேண்டாம், பெரியதாகப் பார்த்து வாங்குவோம்" என்று யாராவது சொல்வார்கள். பெரியதும் விழும். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பில்டர்.ஏஐ என்ற மென்பொருள் கம்பனி 2016இல் தொடங்கியது, 45 கோடி டொலருக்கு மேல் முதலீடு திரட்டியது, மைக்ரோசொஃப்டும் காசு போட்டிருந்தது. 2025 மே மாதம் வங்குரோத்து. பேர்லினில் செய்த, செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கும் வுண்டர்லிஸ்ட் என்ற செயலியை ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பாவித்தார்கள். 2015இல் மைக்ரோசொஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதம் மூடிவிட்டது. அது வங்குரோத்தாகி மூடியது அல்ல, வாங்கியவருக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் ஸோஹோ என்ற தமிழ்நாட்டு மென்பொருள் கம்பனியைப் பாருங்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வெளி முதலீட்டாளர் காசில்லாமல் வளர்ந்து, தென்காசிப் பக்கக் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கிறது. ஆகவே யார் முதல் போட்டார்கள் என்பதைவிட, மாதச் சம்பளம் யாருடைய காசில் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர், சராசரியாக ஆளுக்கு ஒரு இலட்சம் சம்பளம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஐந்து இலட்சம். கம்பனி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் சேர்த்தால் 5,75,000. கட்டட வாடகை, இணையம், சேர்வர், போக்குவரத்து என்று இன்னுமொரு ஒன்றேகால் இலட்சம். மொத்தம் ஏழு இலட்சம், வருடத்துக்கு 84 இலட்சம். வாடிக்கையாளர் ஒருவர் வருடப் பராமரிப்புக்கு 60,000 ரூபா கட்டுகிறார் என்றால், அந்தக் காசில் மட்டும் நிற்க 140 வாடிக்கையாளர் வேண்டும். முப்பது பேர்தான் இருக்கிறார்கள் என்றால் வருவது 18 இலட்சம். மிச்சம் 66 இலட்சம் எங்கிருந்து வருகிறது?

இதை நேரே கேளுங்கள், கேட்பதில் பிழையில்லை. புது விற்பனையில் வருகிறது என்றால், அடுத்த வருடமும் அதே அளவு புது ஆட்களைப் பிடிக்க வேண்டும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறோம் என்றால் பரவாயில்லை, ஆனால் உங்கள் வேலைக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கேட்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு மாத வேலை செய்கிறோம் என்றால் அது ஒரு பெரிய பலம். அதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது: டொலரில் காசு தருகிறவர் கூப்பிட்டால் உங்கள் தொலைபேசியை யார் எடுப்பார்கள்?

வன்னியில் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். அந்த முப்பது இடத்தில் எத்தனை பேர் சொந்தக் காசு கொடுத்து வாங்கினார்கள், எத்தனை இடத்துக்கு ஏதாவது ஒரு நிறுவனத்தின் திட்டக் காசில் போட்டுக் கொடுத்தார்கள்? திட்டக் காசில் வந்தது திட்டம் முடிய நின்றுபோகும். அந்த இடங்களில் இரண்டாம் வருடப் பராமரிப்புக் கட்டணத்தை யாராவது கட்டினார்களா என்று பாருங்கள். கட்டியிருந்தால் அந்த மென்பொருள் உண்மையிலேயே உதவுகிறது என்று அர்த்தம். என் கணக்கில் சொந்தக் காசில் இரண்டாம் முறை கட்டிய பத்துப் பேர், இலவசமாகப் பெற்ற ஐம்பது பேரைவிடப் பெறுமதி.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஒருமுறை கட்டினால் போதும், வாழ்நாள் முழுக்க சப்போர்ட் இலவசம்" என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால், இலவச சப்போர்ட்டுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை என்பது தெரியும். மூன்று வருடக் காசை முன்கூட்டியே கட்டினால் பாதி விலை என்பதும் அப்படித்தான். காசுக்கு அந்தரப்படுகிறவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

சேர்வர் கட்டணத்தை எந்த நாணயத்தில் கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வாடிக்கையாளரிடம் ரூபாவில் வாங்கி, வெளிநாட்டுச் சேர்வருக்கு டொலரில் கட்டுகிற கம்பனிக்கு அந்தச் செலவு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இன்னொரு தடவை அப்படி வந்தால் என்ன செய்வார்கள்? யோசித்து வைத்தவர்களிடம் ஒரு பதில் இருக்கும்.

பதிவுப் பத்திரங்கள் பார்ப்பது ஒரு நாள் வேலை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிந்த கம்பனியா, அல்லது பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிந்த தனியாள் வியாபாரமா என்று பாருங்கள். இரண்டாவது பிழையென்று இல்லை. ஆனால் அங்கே கம்பனி என்று தனியாக ஒன்றும் கிடையாது, அந்த ஆள் போனால் எல்லாம் போகும். கம்பனி என்றால் பணிப்பாளர்கள் யார், அண்மையில் யாராவது விலகினார்களா, வருடாந்த அறிக்கை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்களா என்பதைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பார்க்கலாம்.

எல்லாப் பத்திரங்களிலும் நான் முதலில் கேட்பது வேறொன்று: கடைசி ஆறு மாதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டியதற்கான சி படிவமும் பற்றுச்சீட்டும். ஒரு மாதத்துப் பங்களிப்பை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். காசு முடைப்படுகிற கம்பனி முதலில் பிந்துவது இதில்தான், ஏனென்றால் சம்பளம் பிந்தினால் பொடியள் உடனே கேட்பார்கள், சேமலாபம் பிந்தினால் யாருக்கும் உடனே தெரியாது. எத்தனை பேருக்குக் கட்டுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்துவிடும். ஐந்து பேர் என்று சொன்ன இடத்தில் இரண்டு பேருக்குத்தான் கட்டியிருந்தால், மற்ற மூன்று பேரும் நிரந்தர ஆட்களா, படிக்கிற பிள்ளைகளா என்று கேளுங்கள். பெயர்களையும் சம்பளத்தையும் மறைத்துப் பிரதி தந்தால் போதும்.

இனி ஆட்கள். கனடாக் கேள்வி இங்கேதான் வருகிறது. 2022க்குப் பிறகு இந்தத் துறையில் எத்தனை பேர் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். போவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஒருவர் போனால் வேலை நிற்குமா என்பதுதான் விஷயம். செயல்விளக்கத்துக்கு வரும்போது பெரும்பாலும் தொடங்கியவரே வருவார், எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். அவரை ஒரு பக்கம் இருத்திவிட்டு, கூட வந்தவரிடம் சின்ன மாற்றம் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். கடன் அறிக்கையில் கிராம அலுவலர் பிரிவு என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னால் போதும். அவர் தானாகச் செய்து காட்டினால் குறைந்தது இரண்டு பேருக்கு உள்ளே தெரியும். முதலாளியின் முகத்தைப் பார்த்தால், அந்தக் கம்பனி ஒரே ஆள்தான்.

மூலநிரல், அதாவது மென்பொருளை எழுதிய மூலக் கோப்புகள், ஒருவருடைய லப்டொப்பில் இருக்கிறதா, கம்பனியின் பெயரில் உள்ள கிட் கணக்கில் (மூலநிரலைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கிறதா? இணைய முகவரி யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது? சேர்வர் கட்டணம் யாருடைய கிரெடிட் கார்ட்டில் கழிகிறது? மூன்றுக்கும் ஒரே ஆளின் பெயர் வந்தால், அவர் போகிற அன்றைக்கு மூன்றும் போகும். எந்தக் கணினி மொழியில், எந்தத் தரவுத்தளத்தில் எழுதியது என்றும் கேட்டு எழுதி வையுங்கள். பிஎச்பி, மைஎஸ்கியூஎல் மாதிரிப் பரவலானதாக இருந்தால் நல்லது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகமும் தனியாக இயங்குகிறது. பரவலான தொழில்நுட்பம் என்றால் அங்கிருந்து வெளிவந்த ஒருவரைப் பிடித்தாவது சமாளிக்கலாம்.

பாவிக்கிறவர்களிடம் கதைக்கும்போது, கம்பனி தருகிற தொலைபேசி இலக்கங்களோடு நிற்காதீர்கள். வாங்கிவிட்டு நிறுத்தியவர்கள் யார் என்றும் கேளுங்கள். பெறுமதி சேர் வரி கட்டுகிற ஒரு கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: 2024 ஜனவரி 1இல் அந்த வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனதே, மென்பொருளில் அந்த மாற்றம் எப்போது வந்தது? முதல் நாளே வந்திருந்தால் அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது. இரண்டு கிழமை பட்டியலைக் கையால் எழுதினோம் என்று அவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

சரி, இனி எனக்குப் பெரிதாகப்படுகிற விஷயம்.

பிரித்தானியாவில் டூ-ஈ-டூ என்று ஒரு தகவல் தொழில்நுட்பக் கம்பனி இருந்தது, மற்றவர்களின் தரவை வைத்துக் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. 2013 ஜனவரியில் வங்குரோத்தாகி, நொடித்த கம்பனிகளைப் பொறுப்பேற்கும் நிர்வாகிகளின் கைக்குப் போனது. தரவு நிலையத்துக்கு லைட் பில் கட்டக்கூடக் காசில்லை என்ற நிலையில், நிர்வாகிகள் வாடிக்கையாளர்களிடம் காசு கேட்டார்கள்: சிறியவர்களிடம் 4,000 பவுண், பெரியவர்களிடம் 40,000 பவுண். தங்கள் சொந்தத் தரவைப் பத்திரமாக எடுக்க! கனடாவில் பெஞ்ச் என்ற கணக்கியல் கம்பனி 10 கோடி டொலருக்கு மேல் முதலீடு வாங்கியிருந்தது. 2024 டிசம்பர் 27, வருட முடிவுக் கணக்குக் காலத்தில், இணையத்தளத்தில் ஒரு அறிவித்தலைப் போட்டுவிட்டு மூடியது. சில நாட்களில் வேறொரு கம்பனி அதை வாங்கியதால் பலர் தப்பினார்கள். நமக்கு இதே விஷயம் மாசி மாதம் நடந்தால் எப்படியிருக்கும்? காலபோக அறுவடை, தராசடியில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கின்றன, யாருக்கு எவ்வளவு கடன் கழிக்க வேண்டும் என்று பார்க்கத் திரை திறக்கவில்லை. நெல் கொண்டு வருகிற அண்ணைமாருக்கு வங்குரோத்து என்று சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

அதனால் செயல்விளக்கத்தின்போதே ஒரு சோதனை வையுங்கள். இருபது அங்கத்தவரின் விபரத்தை நீங்களே பதியுங்கள், உண்மையான தமிழ்ப் பெயர்களோடு. சிலருக்குக் கடன், சிலருக்குப் பாதி மீளச் செலுத்தியது, நாலைந்து நெல் கொள்வனவு. அதில் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருந்து நிறை கழித்த ஒன்றும் இருக்கட்டும். பிறகு "எல்லாத் தரவையும் வெளியே எடுத்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். பிடிஎப் அறிக்கை தந்தால் ஏற்காதீர்கள், அது அச்சடிக்க மட்டும்தான். எக்ஸெல்லில் திறக்கக்கூடிய கோப்பு வேண்டும். அதை அவர்கள் போன பிறகு உங்கள் கணினியில் திறந்து, பேரேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் மிகுதி ஒரு சதமும் பிசகக் கூடாது.

இங்கே நம் பக்கத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. சில மென்பொருள்களில் தமிழ்ப் பெயர்களைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பதிவார்கள். திரையில் அழகாகத் தெரியும். வெளியே எடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் கொட்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது அதுதான். பாமினியை யூனிகோட் (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறை) ஆக்கும் கருவிகள் உண்டுதான். ஆனால் அடையாள அட்டை இலக்கமும் சேர்ந்த ஒரு முழுப் பட்டியலை அதற்குள் போட்டால், பழைய அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் ஆங்கில 'V' எழுத்து 'ஏ' ஆகிவிடும். இரண்டாயிரம் அங்கத்தவருக்கு இதைத் திருத்திக்கொண்டு இருக்க வேண்டும். யூனிகோட் இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து, மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும்.

அடுத்தது பேக்கப். "நாங்கள் தினமும் எடுக்கிறோம்" என்பது போதாது, அது அவர்களுடைய பேக்கப். ஒவ்வொரு நாளும் ஒரு பிரதி சங்கத்தின் வன்தட்டுக்கு வர வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து வேறொரு கணினியில், கம்பனி ஆள் யாரும் இல்லாமல், முழுதாக மீட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறையாவது மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எடுப்பதில்லை. கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தால் அதுவும் சங்கத்தின் பெட்டகத்துக்குள் இருக்க வேண்டும். அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கமும் கடன் விபரமும் அதில் இருப்பதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைத்து, வன்தட்டை மேசையில் கிடக்க விடாதீர்கள்.

அனுமதிப் பூட்டையும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அரிசி ஆலையில் மென்பொருள் அவர்கள் கணினியிலேயேதான் இருந்தது, தரவும் அங்கேயேதான். ஆனால் திறக்கும்போதெல்லாம் அனுமதி செல்லுமா என்று கம்பனியின் சேர்வரைக் கேட்கும்படி எழுதியிருந்தார்கள். கம்பனி மூடியது, சேர்வர் நின்றது, ஆலையின் கணினி நன்றாக இருந்தும் கணக்கைத் திறக்க வழியில்லை. உங்களுக்குக் காட்டுகிற மென்பொருள் உள்ளூரில் ஓடுவது என்றால், இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, கணினியின் திகதியை ஒரு வருடம் தள்ளி வைத்துத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மூலநிரலை மூன்றாம் ஆளிடம் வைப்பது பற்றியும் சபையில் யாராவது கேட்பார்கள். பெரிய இடங்களில் அதற்கென்றே நிறுவனங்கள் உண்டு, நம் அளவுக்கு அது செலவு. வருடம் ஒருமுறை மூலநிரலின் பிரதியை முத்திரையிட்டு ஒரு சட்டத்தரணியிடம் வைக்கச் சொல்லலாம். கம்பனி மூடினாலோ, எழுத்தில் அறிவித்து முப்பது நாளாகியும் பதில் இல்லாவிட்டாலோ, அதைச் சங்கம் எடுத்து வேறு ஆளைக் கொண்டு திருத்திப் பாவிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வெறும் கோப்புப் பொதி ஒன்றும் உதவாது. அதை வைத்துப் புதுக் கணினி ஒன்றில் மென்பொருளை ஓடச் செய்ய முடிகிறதா என்று வெளியாள் ஒருவர் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அந்த ஒரு நாள் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும்.

தொடங்கும் காலத்தையும் கவனியுங்கள். தை, மாசியில் கொள்வனவு, ஐப்பசியில் பயிர்க்கடன். இந்த இரண்டிலும் மாற வேண்டாம். வைகாசியில் தொடங்கி, சிறுபோகம் முடியும்வரை பேரேட்டையும் கூடவே எழுதுங்கள். எழுதுகிற பிள்ளைகள் இரட்டை வேலை என்று குறைப்படுவார்கள், நியாயம்தான். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு இப்போதே தீர்மானம் எடுத்து வையுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், தரவை முழுதாக வெளியே எடுக்கும் சோதனையிலும் மீட்கும் சோதனையிலும் தேறினால், நான் இந்தக் கம்பனியிடம் வாங்குவேன், வருடக் கட்டணத்தில், முன்பணம் குறைவாக. வவுனியாவிலிருந்து ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூட ஓடினால் உங்கள் வாசலுக்கு வரக்கூடியவர்கள், நெல்லும் கடனும் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள். இது கொழும்பில் சுலபமாகக் கிடைக்காது. சோதனைக்கு மறுத்தால் வேண்டாம், விலை பாதியானாலும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது அக்கா. இப்படிப்பட்ட சின்னக் கம்பனிகளைப் பல இடத்தில் சாகடிப்பது வெளிநாட்டுப் பயணமும் இல்லை, போட்டியும் இல்லை. பட்டியல் கொடுத்து நாலு மாதமாகியும் "சபைக் கூட்டம் நடக்கவில்லை, கையொப்பம் வைக்கிறவர் இல்லை" என்று நாம் இழுத்தடிப்பதுதான். ஐந்து பேருக்கு மாத முடிவில் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே அவர்களிடம் இத்தனையும் கேட்கிற ஒப்பந்தத்திலேயே சங்கத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு வாசகம் போடுங்கள்: பட்டியல் கிடைத்து முப்பது நாளுக்குள் காசோலை. அதற்கான அதிகாரத்தை இந்தக் கூட்டத்திலேயே உங்கள் பெயருக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.